கூடுதலாகக் கொடுத்த வேலையிழப்புப் பணம்: "திருப்பிக் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால்

கலிஃபோர்னியாவில் வேலை போனவர்களுக்கு அன்எம்ப்ளாய்மென்ட் பணம் தருவது இ.டி.டி. என்ற மாநிலத் துறை. வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர். கணக்குக்கு மேல் கொடுத்துவிட்டதாகத் தெரிந்தால் அதே துறை திருப்பிக் கேட்கும். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

ஒரு வாரம் பகுதிநேர வேலை பார்த்தேன். சம்பளம் அடுத்த மாதம்தான் வந்தது, அதனால் அந்த வாரத்தில் வருமானம் இல்லை என்று பதிந்தேன். இப்போது 300 டாலரும், மேலே 90 டாலர் அபராதமும் கேட்கிறார்கள். என்ன கணக்கு இது?
— வாசகர், ஃப்ரீமான்ட்

அந்த வாரம் நீங்கள் 400 டாலர் சம்பாதித்திருப்பீர்கள். வார வருமானம் 100 டாலரைத் தாண்டினால் அதில் கால் பங்கை விட்டுவிட்டு மீதியைக் கழிப்பார்கள். 100 டாலரோ அதற்குக் குறைவோ என்றால் முதல் 25 டாலரை விடுவார்கள். 400-இல் 100 போக 300. உங்கள் 450-இல் அந்த 300-ஐக் கழித்து 150 தந்திருக்க வேண்டும், 450-ஐயும் தந்துவிட்டார்கள். ஆக 300 சரி.

கவலைப்பட வேண்டியது 90 டாலரைப் பற்றித்தான். அது 30 சதவீத அபராதம். வேண்டுமென்றே மறைத்தீர்கள், அதாவது மோசடி என்று முடிவுகட்டினால்தான் அதைப் போடுவார்கள். அந்த முத்திரை விழுந்தால் 23 வாரங்கள்வரை பணம் கிடைக்காமல் போகலாம், கடனைத் தள்ளுபடி செய்யும்படியும் கேட்க முடியாது. எனவே 90 டாலர்தானே என்று கட்டிவிட்டு உட்காராதீர்கள், அப்பீல் செய்யுங்கள். சம்பளம் கைக்கு வந்த வாரத்தில்தான் பதிய வேண்டும் என்று நினைத்தீர்கள் என்பதுதான் உங்கள் பக்க நியாயம். சம்பளச் சீட்டில் வேலை பார்த்த நாட்களும் சம்பளம் தந்த தேதியும் தனித்தனியே இருக்கும். அந்த இரண்டையும் வட்டமிட்டு இணையுங்கள்.

இனிமேலுக்கு: உழைத்த வாரத்தில்தான் வருமானத்தைப் பதிய வேண்டும். வாரம் என்பது ஞாயிறு முதல் சனி வரை. தொகை, வரிப் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம். சொல்லாமல் விட்டால் தெரியாமல் போகாது. புதிதாக ஆள் எடுத்ததை 20 நாளுக்குள் நிறுவனங்கள் இ.டி.டி.க்குத் தெரிவிக்க வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் சம்பளக் கணக்கையும் தர வேண்டும். இரண்டையும் நீங்கள் பதிந்ததோடு ஒப்பிட்டுத்தான் பிடிக்கிறார்கள்.

இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றில் தொகை இருக்கிறது, மற்றொன்றில் தகுதி இல்லை என்று மட்டும் இருக்கிறது. எதற்கு அப்பீல் செய்வது?
— வாசகி, சான் ஹோசே

இரண்டுக்குமே. பலர் சறுக்குவது இங்கேதான். தொகை போட்ட கடிதத்துக்கு மட்டும் அப்பீல் செய்தால், தகுதி இல்லை என்ற மூல முடிவு அப்படியே நின்றுவிடும். அது நிற்கும்வரை கடனும் நிற்கும்.

கெடு 30 நாள். கடிதத்தில் அச்சிட்டுள்ள அஞ்சல் தேதியிலிருந்து எண்ண வேண்டும், நீங்கள் உறையைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. கெடு தாண்டிவிட்டாலும் அனுப்புங்கள், தாமதத்துக்கான காரணத்தை எழுதுங்கள். தக்க காரணம் என்றால் ஏற்பார்கள். அப்பீலுக்கான டிஇ 1000எம் படிவம் கைக்குக் கிடைக்கவில்லையா? பெயர், முகவரி, இ.டி.டி. தந்த எண், எந்தத் தேதிக் கடிதம், ஏன் ஒப்பவில்லை என்று எழுதிய சாதாரணக் கடிதமே போதும்.

விசாரிப்பவர் துறை அதிகாரி அல்ல, தனி வாரியத்தின் நீதிபதி. ஆங்கிலம் சரளமில்லை என்றால் அப்பீலிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மகனையோ மருமகளையோ உட்கார வைத்துப் பேசச் சொல்லாதீர்கள், சட்டச் சொல் ஒன்று பிசகினால் உங்கள் வாக்குமூலமே மாறிவிடும். அங்கே தோற்றால் வாரியத்திடமே இரண்டாவது அப்பீல் உண்டு, அதற்கும் 30 நாள்தான்.

இன்னும் வேலை கிடைக்கவில்லை என்றால், வழக்கு நடக்கும்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சர்ட்டிஃபை செய்வதை, அதாவது வேலை, வருமான விவரம் பதிவதை, நிறுத்தாதீர்கள். ஜெயித்தாலும் பதியாத வாரத்துக்குப் பணம் வராது.

தவறு துறையுடையது. பணமோ செலவாகிவிட்டது. என்ன செய்வது?
— வாசகர், சாக்ரமென்டோ

மோசடி இல்லை, உங்கள் தவறும் இல்லை, திருப்பிக் கட்டினால் குடும்பம் தள்ளாடும் என்றால் தள்ளுபடி கேட்கலாம். வரவு செலவு விவரம் கேட்டு ஒரு படிவம் அனுப்புவார்கள். விளம்பரக் காகிதம் என்று நினைத்து அதைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. பதில் போகாவிட்டால் தள்ளுபடி பேச்சே எழாது.

கிடைக்காவிட்டால் தவணை கேளுங்கள். பேசாமல் இருந்தால், அடுத்து வரும் வாரப் பணத்தில் நான்கில் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். மோசடி என்றால் முழுவதையும். மாநில வரி ரீஃபண்டையும் எடுத்துக்கொள்வார்கள். மோசடிக்கும் மறைத்த வருமானத்துக்கும் மத்திய ரீஃபண்டும் போகும். நீதிமன்றத் தீர்ப்பு வாங்கினால் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடிப்பது, வீட்டின் மேல் கடனுக்கான உரிமைப் பதிவு (லீன்) என்று நீளும்.

போன ஆண்டு வாங்கிய பணத்தை இந்த ஆண்டு திருப்பிக் கட்டினால் வரி என்னாகும்?
— வாசகி, இர்வைன்

இந்தப் பணத்துக்குக் கலிஃபோர்னியா வரி கிடையாது. மத்திய வரி உண்டு. வாங்கிய ஆண்டுக்குள்ளேயே கட்டினால் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். அடுத்த ஆண்டு கட்டினால், தொகை 3,000 டாலரைத் தாண்டினால்தான் சலுகை. அதற்குக் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. முடிந்தால் பணம் வாங்கிய ஆண்டின் டிசம்பர் 31-க்குள் கட்டிவிடுவதே லாபம்.

நான் விண்ணப்பிக்கவே இல்லை. என் பெயரில் கடன் கடிதம் வந்திருக்கிறது.
— வாசகர், மில்பிடாஸ்

யாரோ உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்து எடுத்திருக்கிறார்கள். கிழித்துப் போடாதீர்கள். இ.டி.டி. தளத்தில் மோசடிப் புகார் பகுதியில் பதியுங்கள். 30 நாளுக்குள் அப்பீலும் போடுங்கள். இந்தப் பணம் வாங்கியதாகக் காட்டும் 1099-ஜி வரிப் படிவம் வந்திருந்தால் திருத்திய படிவம் கேளுங்கள், வாங்காத பணத்தை வரிக் கணக்கில் காட்ட வேண்டாம். குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்பியோ கிஃப்ட் கார்டு எண் கேட்டோ யாராவது வசூலிக்க வந்தால் அது இ.டி.டி. அல்ல. கடன் உண்மையா என்று உங்கள் இ.டி.டி. கணக்கில் நீங்களே நுழைந்து பாருங்கள்.