விலா எலும்பு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் நாய்க்கு 6 வயது. தாய் ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி இருக்கும், தகப்பன் யாரென்று தெரியாது. பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு இனப் பெயர் சொல்கிறார்கள். மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா? கலப்பினம் என்பதால் திடீரென்று குணம் மாறிவிடுமோ என்று என் மாமியார் பயப்படுகிறார். இப்போது எடை 47 கிலோ. கொஞ்ச நாளாக எழுந்திருக்கும்போது பின்னங்கால் தடுமாறுகிறது, வயதாகிறது போல. மற்றபடி கேட்டதையெல்லாம் கொடுக்கிறோம், ஒரு குறையும் வைத்ததில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மரபணுப் பரிசோதனை ஆசையாக இருந்தால் செய்துகொள்ளுங்கள். கண்ணால் பார்த்து இனம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்கிறார்கள் என்பது தெரியவரும், அவ்வளவுதான். மாமியாருக்கு ஒரு தகவல். 2022இல் அமெரிக்காவில் 18,000க்கும் அதிகமான நாய்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தானாம். ஆறு வருடமாக அவர் காலடியில் படுத்துக் கிடப்பவனின் குணம் எந்தப் பரிசோதனையையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும். நாயின் குணம் திடீரென்று மாறினால் நான் முதலில் சந்தேகப்படுவது வலியை. அதற்குத் தகப்பன் பெயர் தேவையில்லை.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ‘கேட்டதையெல்லாம் கொடுக்கிறோம்.’ இதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள்.

நாய் கேட்கத்தான் செய்யும். புருவத்தின் உள்முனையைத் தூக்கி அது பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கென்று ஒரு தசை நாய்க்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாயிடம் அது பேருக்குத்தான் உண்டு. பல்லாயிரம் வருடங்கள் நம்மோடு இருந்து கற்ற வித்தை அது. அதன் முன்னால் நீங்களும் நானும் எம்மாத்திரம்? ஆனால் தட்டில் எவ்வளவு என்பதை முடிவு செய்யவேண்டியது நாய் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒருவன் இருந்தான். கரியன். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். நான் எழுத உட்கார்ந்தால் மேஜைக்கு அடியில் வந்து படுப்பான். ஒரு பத்தி முடிந்தால் எனக்கு ஒரு பிஸ்கட், அவனுக்கு ஒன்று. அந்தக் காலத்தில் நான் நிறைய எழுதினேன். அவன் 52 கிலோ ஆனான். பெரிய உடம்புக்காரன், அப்படித்தான் இருப்பான் என்று பார்க்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டேன். 9 வயதில் படியேற மறுத்தான். அதையும் வயது என்றேன், உங்களைப் போலவே.

அப்புறம்தான் அந்தப் பழைய ஆய்வைப் படித்தேன். 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்று தின்பதைவிடக் கால் பங்கு குறைத்தே மற்றதற்குக் கொடுத்திருக்கிறார்கள், ஆயுள் முழுக்க. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம். மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. 2002இல் வெளிவந்த கணக்கு இது. படித்த அன்று பிஸ்கட் டப்பாவைத் தூக்கி உள்ளே வைத்தேன். கரியனுக்கு அது தாமதம்.

கடைசி எட்டு மாதம், ஒரு துண்டை அவன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கித்தான் வெளியே கூட்டிப்போவேன். அத்தனை பெரிய உடம்பு என் கையில் தொங்கும். அவன் சிறுநீர் கழித்து முடிக்கும்வரை என்னைப் பார்க்கமாட்டான், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். நாய்க்குக் கூச்சம் கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, 47 கிலோ அதிகமா என்று கேட்பீர்கள். இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. உங்கள் கையைக் கேளுங்கள். உள்ளங்கையைக் கீழே வைத்துக் கையை விரித்து, புறங்கை எலும்பைத் தடவுங்கள். லேசான தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படுகிறதல்லவா? நாயின் விலாவைத் தடவும்போதும் அப்படித் தட்டுப்படவேண்டும். உள்ளங்கையைத் தடவுவதுபோல மெத்தென்று இருந்தால் அதிகம். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கவேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் நாய் (ஆமாம், அழகன்தான்) ஒரு பீப்பாய் போல இருக்கிறது.

இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். இடுப்பு மூட்டாக இருக்கலாம், முதுகெலும்பாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். உங்கள் வீட்டு வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷமாகலாம். எவ்வளவு தீனி குறைப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். அளந்து போடுங்கள், வீட்டில் ஒருவர் மட்டும் போடுங்கள். மாமியார் ரகசியமாக ஏதாவது கொடுக்கிறாரா என்று விசாரியுங்கள். கொடுப்பார். வழுக்கும் தரையில் அவன் நடக்கும் வழியெல்லாம் பாய் விரியுங்கள்.

தடவிப் பார்த்துவிட்டு விலா தட்டுப்பட்டதா என்று எழுதுங்கள். தகப்பன் யாரென்று தெரிந்தால் எழுதவேண்டாம்.