மின்னொளி கபடியும் மைக் சண்டையும்: கேள்வி பதில்

கொடை விழா, பொங்கல் என்று நம் திருநெல்வேலிப் பக்கம் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளில் ஸ்கோர் எழுதுபவன் நான். வர்ணனையாளர்களுக்குப் பக்கத்து நாற்காலி. அதனால் அவர்களைப் பற்றிய கேள்விகள் என்னிடம் வருகின்றன.

ஆலங்குளம்: அண்ணாச்சி, எங்க ஊர்ப் போட்டியில் ரெண்டு வர்ணனையாளர்களும் மைக்கிலேயே மல்லுக்கு நின்றார்கள். ஏன் இவ்வளவு பகை?

முக்கால்வாசிச் சண்டைக்கு அரையிறுதிதான் காரணம். முதல் சுற்று நடக்கும்போது மைதானத்தில் சின்னப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். அப்போது தொண்டை கிழியக் கத்தியவரிடமிருந்து, அரையிறுதிக்குக் கூட்டம் சேர்ந்ததும் மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தால் வயிறு எரியாதா? அதற்கு முன்பே போஸ்டரில் யார் போட்டோ பெரிசு என்ற பஞ்சாயத்து வேறு. கமிட்டிக்காரர்கள் இருவரிடமும் தனித்தனியாக "நீங்கதான் மெயின்" என்று சொல்லித்தான் வரவழைக்கிறார்கள். யாருக்கு எந்த ஆட்டம் என்று சாயங்காலமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வள்ளியூர்: ஒருவரை ஒருவர் எப்படிக் குத்துகிறார்கள்? எனக்குப் பிடிபடவே இல்லை.

நேரடியாகத் திட்டமாட்டார்கள். "சற்று முன் அறிவித்த புள்ளி பதினெட்டு அல்ல, பதினேழு, ரசிகப் பெருமக்கள் திருத்திக்கொள்ளவும்" என்பார், குரலில் தேன் ஒழுகும். அது ரசிகர்களுக்குச் சொன்னதல்ல, பக்கத்து நாற்காலிக்கு. ஒருவர் ஒரு ரைடருக்கு, அதாவது பாடிப் போகிறவருக்கு, பட்டப்பெயர் வைத்தால் மற்றவர் அதை வாயில் எடுக்கவே மாட்டார், ஜெர்சி நம்பரைத்தான் சொல்வார். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து நன்கொடையாளர் பட்டியலை மெல்ல அடுத்தவர் பக்கம் தள்ளுவதும் உண்டு. அதை நான் ரசித்துப் பார்ப்பேன்.

சுரண்டை, உடற்கல்வி ஆசிரியர்: இந்தச் சத்தம் ஆட்டத்தைக் கெடுக்காதா சார்?

கெடுக்கத்தான் செய்கிறது. பாடிப் போகிறவர் "கபடி, கபடி" என்று விடாமல் சொல்ல வேண்டும், எதிரணிக் களத்தில் நிறுத்தினால் அவுட். அதை நடுவர் காதால் கேட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஒரு ரைடு 30 விநாடி. அவ்வளவு நேரமும் மைக் அலறினால் அவர் எதைக் கேட்பார்? விவரமான வர்ணனையாளர் ரைடர் நடுக்கோட்டைத் தாண்டியதும் குரலை இறக்குவார், தொட்டதும் ஏற்றுவார். இரண்டு பேர் மல்லுக்கட்டும்போது யார் முதலில் இறக்குவது என்பதே மானப் பிரச்சினையாகிவிடுகிறது. மைக் செட்காரரிடம் சொல்லி, களத்தைப் பார்த்திருக்கும் பாக்ஸ்களைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

நாங்குநேரி: இவர்களுக்கு எஃப்.எம்.மில் இடம் கிடைக்காதா?

உள்ளூர் விளையாட்டுகளை நேரடியாக வர்ணிக்க, 2011-ல் வந்த மத்திய அரசின் மூன்றாம் கட்ட எஃப்.எம். விதிகளே தனியார் நிலையங்களுக்கு இடம் கொடுத்தன. ஆனால் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டுக் கபடி போட யாருக்கு மனசு வரும்? வானொலி வர்ணனை என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்குச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார்தான், அவருடையது கிரிக்கெட் என்றாலும். 1986-ல் தூத்துக்குடி பிரியும்வரை சாத்தான்குளமும் நம் மாவட்டம்தான் என்பதால் கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்வோம்.

அம்பாசமுத்திரம்: யூடியூப் நேரலை வந்த பிறகு சண்டை குறைந்ததா, கூடியதா?

கூடியது. முன்பெல்லாம் விடிந்தால் மறந்துபோகும். இப்போது கமெண்டைப் படித்துவிட்டு அடுத்த ஊருக்கு வருகிறார்கள்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: எனக்கும் மைக் பிடிக்க ஆசை. யாரிடம் சேரலாம்?

யாரிடமும் சேராதீர்கள் தம்பி. ஒருவரோடு சேர்ந்தால் மற்றவர் போகிற ஊர்களில் உங்களுக்குக் கதவு அடைபட்டுவிடும். முதலில் ஸ்கோர் மேசைக்கு வாருங்கள். எதிரணியில் ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் கோட்டைத் தாண்டியதற்குப் புள்ளி, மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள், எதிரணி மொத்தத்தையும் அவுட்டாக்கும் லோனாவுக்கு 2 புள்ளி கூடுதல். இதில் தடுமாறினால் எந்த அடுக்குமொழியும் காப்பாற்றாது. வீரர் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் மைக்கில் போகாதீர்கள், நம் பக்கம் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே தெரியும். நம்பரும் அணியின் பெயரும் போதும். அப்புறம், சம்பளத்தை இறுதி ஆட்டம் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். பரிசு கொடுத்து முடித்ததும் கமிட்டித் தலைவரின் போன் சுவிட்ச் ஆஃப் ஆகிவிடும்.