ஒருத்தி வராமல் இன்னொருத்தி சாப்பிட மாட்டாள்: பிரிக்கலாமா?

கேள்வி: கோபி பக்கம் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் வார்டனாக இருக்கிறேனுங்க. எங்களிடம் 12, 13 வயதில் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி வராமல் இன்னொருத்தி தட்டில் கை வைக்க மாட்டாள். "இப்படி ஒட்டிக்கொண்டே இருந்தால் படிப்பு கெடும், வேறு வேறு அறையில் போடுங்க" என்கிறார் நிர்வாகி. பெரியவளை ஜூன் மாதம் காங்கேயம் பக்கம் இருக்கிற அவளுடைய அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு அனுப்பச் சொல்லி குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவும் வந்துவிட்டது. இப்போதே பிரித்துப் பழக்கினால் பின்னால் அழுகை குறையுமா?

பதில்: பிரிக்க வேண்டாம். ஜூன் வரைக்கும் ஒரே அறையிலேயே இருக்கட்டும்.

பிரித்துப் பழக்கினால் அழுகை குறையலாம். ஆனால் ஏற்கெனவே வீட்டை இழந்து வந்த பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது, யார் மேலும் பாசம் வைக்கக் கூடாது என்பதைத்தான். அந்தப் பாடத்தை மறக்கடிக்க வருஷக்கணக்கில் ஆகும்.

'தட்டில் கை வைக்க மாட்டாள்' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஆறு குழந்தைகள் நினைவுக்கு வந்தார்கள். நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமிலிருந்து மீட்டு, 1945-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட, மூன்று வயதையொட்டிய பிள்ளைகள். தாய் தகப்பன் இல்லை. அவர்களைப் பற்றி, குழந்தைகள் மனநல ஆய்வாளர் அன்னா ஃப்ராய்டும், அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சோபி டானும் 1951-இல் எழுதினார்கள். வந்த புதிதில் பெரியவர்களைக் கண்டால் அடி, கடி. தங்களுக்குள் மட்டும் ஒருவரை விட்டு ஒருவர் கொஞ்ச நேரம்கூட இருக்க மாட்டார்களாம். சாப்பாட்டு நேரத்தில் தான் சாப்பிடுவதைவிட, பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதுதான் பெரிதாக இருந்ததாம். பெரியவர்கள் மேல் பாசம் மெல்லத்தான் வந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தது அவர்களேதான்.

நம் ஊரிலும் இதைப் பார்க்கிறேன். தாராபுரம் பக்கம் ஓர் இல்லத்தில் புதிதாக வந்த பையன் இரண்டு ராத்திரி தூங்கவே இல்லை. மூன்றாம் நாள், பக்கத்துப் பாயில் படுக்கிற பையன் தன் போர்வை நுனியையும் அவன் போர்வை நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். "பயமா இருந்தா இழு, நான் எந்திரிச்சுக்கறேன்." அவ்வளவுதான் சொன்னான். ஆலோசகராக நான் இரண்டு நாள் பேசியும் நடக்காதது அன்று ராத்திரி நடந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருகிற பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால், காய்ச்சல் என்று படுத்த நாளில் யாரைக் கூப்பிடுவாள்? 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி தர 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே. பெரும்பாலும் அது கூட வளர்ந்த தோழிதான்.

சரி, ஜூன் மாதத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில், தோழி பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழுகையைத் தவிர்க்கத்தான். சாயங்காலம் வந்தவள் பார்த்தது, பக்கத்து அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை மட்டும். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தன் துணிகளையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்று வாரம் அந்தப் பையிலிருந்துதான் எடுத்து உடுத்தினாள்.

அதனால் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து, தேதியோடு இப்போதே சொல்லிவிடுங்கள். அழட்டும். கிளம்பும்போது சின்னவள் வாசல் வரை வரட்டும். முதல் போன் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை முன்னாலேயே முடிவு செய்யுங்கள். அம்மிச்சியின் போன் நம்பர் ஆபீஸ் ஃபைலில் இருந்தால் மட்டும் போதாது, சின்னவள் நோட்டிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லத்தில் தனித்தனியாக எழுதிவைக்கிற தனிநபர் பராமரிப்புத் திட்டம் இருக்கிறதே, இருவருடையதிலும் இந்த நட்பை எழுதிவையுங்கள். நாளைக்கு நீங்கள் வேறு ஊருக்கு மாறிப் போனாலும், அடுத்து வருகிறவருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அது தெரிய வேண்டும்.

நிர்வாகியின் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் எவ்வளவு ஒட்டியிருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருத்தியே எப்போதும் விட்டுக்கொடுக்கிறாளா? மற்றவளைக் கண்டு பயப்படுகிறாளா? வேறு யாரோடும் பேசக் கூடாது என்ற கட்டாயம் இருக்கிறதா? இருந்தால் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். இல்லையென்றால் விட்டுவிடலாம். சேட்டைக்குத் தண்டனையாக மட்டும் ஒருபோதும் தோழியைப் பிரிக்காதீர்கள்.

ரகசியம் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். தோழி தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள், யாரோ அவளைத் தொடுகிறார்கள் என்றால் அதைப் 12 வயசுப் பிள்ளை தனியாகச் சுமக்கக் கூடாது. "அதைச் சொன்னால் காட்டிக்கொடுத்ததாக ஆகாது கண்ணு" என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் நம்புவாள். உங்களிடம் சொல்லத் தயங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. நம்பர் அவள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வோர் இல்லத்திலும் 6-10, 11-15, 16-18 வயதுப் பிரிவுகளில் குழந்தைகள் குழு இருக்க வேண்டும், மாதந்தோறும் கூட வேண்டும் என்கிறது விதி. நெருக்கடியில் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதும், கொடுமை நடந்தால் சொல்வதும் அந்தக் குழுவின் வேலையாகவே விதியில் இருக்கிறது. கையெழுத்துக்காக மட்டும் கூட்டம் போடாதீர்கள்.

பெரியவள் போன பிறகு, சின்னவளுக்குப் புதுத் தோழியை நீங்களாக நியமிக்க வேண்டாம். புதுப் பிள்ளை யாராவது வந்தால், துணி எங்கே காயப்போடுவது, எந்தக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும் என்று காட்டச் சொல்லுங்கள். அவளுக்கு இஷ்டம் இருந்தால் மட்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்குப் போன் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். நீங்களே அம்மிச்சியைக் கூப்பிட்டு, பேசிவிட்டு, போனைச் சின்னவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.