அணில் வேட்டைக்கு எந்தக் குழல்?

கேள்வி: வணக்கமுங்க அண்ணா. பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் என் மச்சான் லைசென்ஸ் எடுத்து அணில் வேட்டைக்குப் போகிறார். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி வாங்கப் போகிறாராம். குழலின் உள்விட்டம் அங்குலக் கணக்கில் பாயிண்ட் 32 நல்லதா, 36 நல்லதா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: 36 வாங்கச் சொல்லுங்க. 32-இன் ஈயக்குண்டு 3 கிராம்தான். வெடிமருந்தும் ஈயமும் மிச்சம், கறியும் சிதையாது. ஆனால் காற்றடித்தால் குண்டு ஒதுங்கும். குளிரில் விறைத்த விரலுக்கு அந்தக் கடுகு பிடிபடவும் செய்யாது. 36-இன் குண்டு 4 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒரு கிராம் பெரிய உபகாரம்.

இன்னொன்று, கரி. எங்க அப்பிச்சி தாளவாடியில் பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். நாலு வெடி வெடித்தால் குழலுக்குள் கரி அப்பிக்கொண்டு அடுத்த குண்டு இறங்காது. மல்லுக்கட்டி இடித்ததில் ஒருநாள் குண்டை இடித்து இறக்கும் மரக்கோல் படக்கென்று முறிந்து அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. சின்னக் குழலில் கரி இன்னும் சீக்கிரம் அடைக்கும், கோலும் ஈர்க்குச்சி மாதிரி. ஒவ்வொரு வெடிக்கும் ஈரத்துணி விட்டுத் துடைக்கணும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவணும். சோம்பல்பட்டால் துரு ஏறிவிடும்.

அப்புறம், விசையை இழுத்ததும் குழலுக்கு வெளியே சின்னக் கிண்ணியில் இருக்கும் மருந்து தீப்பிடித்து, பிறகுதான் குண்டு கிளம்பும். அதுவரை கை அசையக் கூடாது.

ஊருக்கு வரும்போது அந்த ஆசையை அங்கேயே விட்டுவரச் சொல்லுங்க. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் அடித்தாலும் கேஸ்தான்.