சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் போகலாமா?

கேள்வி: பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சின்ன இணைய இதழில் மூன்று மாத எடிட்டோரியல் இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அலுவலகம் அடையாறில். சம்பளம் கிடையாது, சான்றிதழ் மட்டும். ஹார்பரில் வேலை பார்க்கும் அப்பா, "காசு தராத வேலைக்கு எதுக்கு அவ்ளோ தூரம்?" என்கிறார். என் பேச்சு வேறு அசல் ஏரியா பேச்சு. அங்கே மதிப்பார்களா என்று பயமாக இருக்கிறது. போகலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் அப்பா கேட்டதில் தப்பே இல்லை. 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய வடசென்னை உங்களுடையது. உழைப்புக்குக் கூலி கேட்பதில் அங்கே யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சின்ன இதழ்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். விளம்பரம் வராது, இரண்டு மூன்று பேர்தான் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆனாலும் மூன்று மாதம் முழு நேரமும் சும்மா உழைக்கச் சொல்வது நியாயமில்லை. ஒரு சிறு தொகையாவது கேளுங்கள். முடியாது என்றால், வாரம் இரண்டு நாள் அலுவலகம், ஒன்றிரண்டு நாள் வீட்டிலிருந்து சில மணி நேரம் என்று வேலையைக் குறைத்துக் கேளுங்கள். பிங்க் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, சரி. போக வர ஆகும் நேரத்தை யார் தருவார்கள்?

ஆனால் பணத்துக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "நான் எழுதிக் கொடுப்பதை யார் திருத்துவார்? திருத்தியதை எனக்குக் காட்டுவாரா?"

ஏன் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு வரி வருகிறது என்று வையுங்கள்: "மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதால் காசிமேட்டில் யாரும் கடலுக்குச் செல்லவில்லை எனக் கூறப்படுகிறது." நல்ல எடிட்டர் முதலில் 'கூறப்படுகிறது' என்பதைச் சுழிப்பார். யார் சொன்னது? பெயரைப் போடு, இல்லையென்றால் போய்க் கேட்டுவிட்டு வா. அடுத்து 'யாரும்'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகுகள் கரையோரமாகப் போய் வந்துகொண்டுதான் இருக்கும். ஒரே ஒரு சொல்லால் செய்தி பொய்யாகிவிட்டது. ஒற்றுப் பிழையும் ல, ள, ழ குழப்பமும் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும். இந்தப் பார்வை அப்படி வராது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காட்ட வேண்டும். அதைக் காட்டுகிற இடம் என்றால், எத்தனை சின்ன இதழாக இருந்தாலும் போங்கள்.

அந்த 'யாரும்' உங்கள் கண்ணில் உடனே பட்டிருக்கும், இல்லையா? பேச்சைப் பற்றிய பயத்துக்கு அதுதான் என் பதில். எழுதும்போது எழுத்துத் தமிழ் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. வாயில் வரும் பேச்சை மாற்றிக்கொள்ளவே வேண்டாம். காசிமேட்டு ஏலக் கூடத்திலும் எண்ணூர்க் குப்பங்களிலும் அந்தப் பேச்சைக் கேட்டால்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் பிசுபிசுத்துப் போயின. கொஞ்ச நாள் கேமராக்கள் வந்தன, அப்புறம் போய்விட்டன. அந்த வலைகளுக்கு என்ன ஆனது, யாருக்கு எவ்வளவு நிவாரணம் கிடைத்தது என்று திரும்பப் போய்க் கேட்க ஆள் வேண்டும். முதல் வாரமே இதைக் கட்டுரை யோசனையாகக் கொடுங்கள். வடசென்னை என்றதும் கத்தியையும் ரவுடியையும் தலைப்பில் போடப் பார்த்தால், அது ஏன் தப்பு என்று அந்த அறையில் சொல்லக்கூடியவரும் நீங்கள்தான். சொல்லுங்கள்.

'பயிற்சிக் கட்டணம்' என்று உங்களிடமே காசு கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நாள் முழுக்க ஆங்கிலச் செய்தியை மெஷினில் போட்டுத் தமிழாக்கி ஒட்டுவதுதான் வேலை என்றாலும் வேண்டாம். நீங்கள் எழுதியதற்கு உங்கள் பெயர் வர வேண்டும், இதைப் பேசி மெயிலில் வாங்கிவிடுங்கள். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சிக்கு வருபவருக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகத்தில் புகார்க் குழு இருக்காது. அப்படிப்பட்ட இடங்களுக்காகவே மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. சென்னைக் கலெக்டர் அலுவலகம் ராஜாஜி சாலையில்தான், உங்களுக்குப் பக்கம்.

எடிட்டருக்கு இந்த வாரமே மெயில் போடுங்கள். யார் திருத்துவார், வாரம் எத்தனை நாள், எவ்வளவு தொகை, பெயர் வருமா என்று நேராகக் கேளுங்கள். வரும் பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டி, இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவெடுங்கள்.