கேளுங்கள், சொல்கிறேன்: வேட்பாளரைப் போடுவது யார்?

கேள்வி: அக்கா, 2024 அமெரிக்கத் தேர்தலில் கமலா ஹாரிஸ் எந்த மாநிலத்து உட்கட்சித் தேர்தலிலும் நிற்கவில்லை. பிறகு எப்படி ஜனாதிபதி வேட்பாளர் ஆனார்? நம் நாட்டைப் போல அங்கேயும் கட்சிதான் ஆளைப் போடுமா?
— ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: இல்லை தம்பி. அங்கே மக்கள் போடும் உட்கட்சி வாக்கு, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளாக மாறும். அந்த ஆண்டு மாநிலம் மாநிலமாக ஜெயித்து அவர்களைச் சேர்த்தவர் ஜோ பைடன். ஜூலை 21 அன்று அவர் விலகி, கமலாவை ஆதரித்தார். பிரதிநிதிகள் இனி யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்றானது. பெரிய தலைகள் யாரும் எதிர்த்து நிற்கவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழியே வாக்களித்து முடித்துவிட்டார்கள்; சிகாகோ மாநாடு அப்புறம்தான். விதிப்படி சரி. ஆனால் வாக்காளரைக் கேட்கவில்லையே என்ற குறை எனக்கு இன்னும் உண்டு.

ஏனென்றால், கேட்டால் எப்படியிருக்கும் என்பதை நேரில் பார்த்தவள் நான். முதலில் கேட்காத கதை: 2007 டிசம்பரில் நம் நாட்டு ஆளும் கட்சியான ஏ.என்.சி.யின் போலோக்வானே மாநாட்டில், கட்சித் தலைவர் பதவிக்கு ஜூமா அப்போதைய ஜனாதிபதி ம்பெக்கியைத் தோற்கடித்தார். கட்சிக் கிளைகள் அனுப்பியவர்கள் போட்ட வாக்கு அது; எங்கள் தெரு முழுக்க டிவியில் பார்த்ததோடு சரி. இரண்டு வாரம் கழித்து, 2008 ஜனவரி 3, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அண்ணன் மகள் வீட்டில் இருந்தேன். வெளியே பனி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஜனநாயகக் கட்சியின் காக்கஸ், அதாவது வேட்பாளர் யார் என்று ஊர்க்காரர்கள் நேரில் கூடிச் சொல்லும் கூட்டம். வாக்குச் சீட்டே இல்லை! ஒபாமாவுக்கு ஒரு மூலை, ஹிலாரிக்கு ஒரு மூலை. ஆதரிப்பவர்கள் போய் நிற்க, தலையை எண்ணினார்கள். பைடனும் அந்த ஆண்டு போட்டியிட்டார். அவர் பக்கம் நின்றவர்கள் ஏழே பேர். 15 விழுக்காடு தேறாவிட்டால் வேறு பக்கம் போகலாம் என்பது விதி. மற்ற மூலைக்காரர்கள் வந்து பேசிப் பேசிக் கூப்பிட்டார்கள். ஒரு பெரியவர் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, யோசித்து யோசித்து, ஒபாமா பக்கம் நடந்தார். அந்த மூலையே கைதட்டியது. யாரும் சந்தா கட்டிய உறுப்பினர் இல்லை. கட்சியின் வாக்காளர் என்று பதிந்தால் போதும், அன்று வாசலிலேயே பதியலாம்.

இந்த உரிமையும் சும்மா வரவில்லை. 1968-இல் ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரி ஒரு மாநிலத்து உட்கட்சிப் போட்டியிலும் இறங்காமலே வேட்பாளர் ஆனார். மாநாடு நடந்த சிகாகோவில் தெருவெல்லாம் தடியடி. அதன் பிறகுதான் விதிகளைத் திருத்தி, 1972 முதல் பிரதிநிதிகளைப் பெரும்பாலும் வாக்காளர்களே தீர்மானிக்கும்படி செய்தார்கள். பணபலம் வேறு கதை. 2010 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வெளி அமைப்புகள் பிரசாரத்தில் கொட்டும் பணத்துக்கு வரம்பே இல்லை. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

2024-இல் அயோவா ஜனநாயகக் கட்சியினர் அந்த மூலைகளை விட்டுவிட்டுத் தபால் சீட்டுக்கு மாறினார்கள். முதலில் வருத்தமாக இருந்தது. அப்புறம் அண்ணன் மகளின் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவை நினைத்தேன். அன்று அவருக்கு இரவு டியூட்டி, கூட்டத்துக்கு வர முடியவில்லை. தபால் சீட்டு இருந்திருந்தால் அவரும் போட்டிருப்பார்.