தண்டுவடத்தில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு ஏ.எல்.எஸ். நோய் (தசையை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல அழியும் நோய்) உறுதியாகியிருக்கிறது. இந்த நோயாளிகளின் தண்டுவடத்தில் வைரஸின் மரபணு இருந்ததாகப் படித்தேன். அண்ணனுக்கும் சோதித்துப் பார்த்து வைரஸ் மருந்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்துபோன 17 ஏ.எல்.எஸ். நோயாளிகளில் 15 பேரின் தண்டுவடத்தில் என்டரோவைரஸ் என்ற வகையின் ஆர்.என்.ஏ. (அதன் மரபுப்பொருள்) கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்த, ஏ.எல்.எஸ். இல்லாத 29 பேரில் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. போலியோ வைரஸும் இதே இனம்தான். அதுவும் தசையை இயக்கும் நரம்பணுக்களைத்தான் அழிக்கும். அதனால் பலரும் நம்பிக்கையோடு தேடினார்கள். ஆனால் அடுத்தடுத்துத் தேடிய வேறு ஆய்வகங்கள் பலவற்றுக்கு அந்த வைரஸ் அகப்படவில்லை.

ஏன் இப்படி? இப்படித் தேடப் பயன்படும் பி.சி.ஆர். முறை, மரபுப்பொருளின் சில துணுக்குகளைக்கூடக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டிவிடும். ஆய்வகத்தில் வேறொரு மாதிரியிலிருந்து துளி கலந்தாலும் 'பாசிட்டிவ்' வரும். மனநோயாளிகளிடம், குதிரை, ஆடுகளைத் தாக்கும் போர்னா வைரஸ் இருப்பதாக ஒரு காலத்தில் வந்த முடிவுகள் பலவும் இப்படிக் கலந்ததால் வந்தவைதான். திசுவை அரைத்துச் சோதித்தால், வைரஸ் நரம்பணுவுக்குள் இருந்ததா, அதிலிருந்த ரத்தத்தோடு வந்ததா என்றும் தெரியாது. உண்மையாகவே இருந்தாலும் அதுதான் நோயைத் தந்தது என்று சொல்லிவிட முடியாது. வாயோரம் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் வைரஸ், எந்த நரம்பு நோயும் இல்லாத எத்தனையோ பேரின் முக நரம்பு முடிச்சில் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கிறது.

அப்புறம், அந்தத் திசுக்கள் இறந்தவர்களிடம் எடுத்தவை. உயிரோடு இருப்பவரின் தண்டுவடத்தில் கத்தி வைத்தால் மிச்சமிருக்கும் இயக்கமும் போகலாம். இதற்காக யாராவது பயாப்ஸி (திசுவை வெட்டியெடுத்துச் சோதிப்பது) செய்யலாம் என்று சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

மருந்து விஷயம். என்டரோவைரஸுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. நம் மரபணுவுக்குள்ளேயே பழங்காலத்திலிருந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ்களைச் சந்தேகித்து, எச்.ஐ.வி. மருந்துக் கூட்டு ஒன்றை ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பெரிய அளவில் சோதித்தார்கள். பலன் தெரியாததால் 2023இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் கேட்டு வாங்குங்கள். அபூர்வமாக எச்.ஐ.வி. தொற்றே ஏ.எல்.எஸ். போலத் தோற்றம் காட்டும். அப்படியானால் அதற்குரிய சிகிச்சையில் தேறியவர்கள் உண்டு. முன்பே பார்த்திருந்தால் சரி, மறுபடி வேண்டாம்.

காய்ச்சல், குழப்பம், வலிப்பு என்று திடீரென வரும் மூளைக்காய்ச்சல் வேறு கதை. அங்கே முதுகில் எடுக்கும் நீரில் ஹெர்பிஸ் டி.என்.ஏ.வைத் தேடுவது உயிரைக் காக்கும் சோதனை. முடிவு வரும்வரை காத்திராமல் அசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். முதல் மூன்று நாட்களில் 'நெகட்டிவ்' வந்தாலும் சந்தேகம் இருந்தால் திரும்பச் சோதிப்பார்கள்.

அண்ணன் விஷயத்தில் உங்கள் அலைச்சலும் பணமும் மூச்சைக் கவனிப்பதற்குப் போகட்டும். ஏ.எல்.எஸ்.ஸுக்கான ரிலூசோல் மருந்து தொடங்கியாயிற்றா, நுரையீரல் திறனைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அளக்கிறார்களா என்று கேளுங்கள். படுத்தால் மூச்சுத் திணறுகிறது, காலையில் தலைவலியோடு எழுகிறார் என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திராதீர்கள். இரவில் முகமூடி வழியாகக் காற்று தரும் கருவியைத் தக்க நேரத்தில் தொடங்கினால் ஆயுளும் கூடும், தூக்கமும் நன்றாக வரும்.